அப்பாவின் ‘தேவலாம்’

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் அப்பாவை ஒருமுறையாவது நலம் விசாரித்திருப்பீர்கள். ‘தேவலாம்’ என்பதைத் தவிர வேறு பதில் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

சுரக்குடியில் பிறந்து, குரும்பகரத்தில் பெண்ணெடுத்து, மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர் அப்பா. எழுபதுகளின் பிற்பகுதியில் அடித்த புயலில் கதிர் முற்றிய வயல் தண்ணீரில் சாய்ந்தது. வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், “பக்கத்து ஊருக்கு நம்ம ஊரு தேவலாம்” என்றார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வீடே இடிஞ்சு விழுந்தாலும் உங்களுக்குத் தேவலாந்தான்!” என்றார். அப்பா சிரித்தார். நோவு குறைந்தவர் சொல்ல வேண்டிய சொல் அது. அப்பா அதைக் கேட்பவரின் கவலை குறையட்டும் என்று சொல்லிவந்தார்.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி என்று காரைக்காலில் மருத்துவமனையில் சேர்த்தோம். முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தினமும் காலையில் வந்து, “பெரியவரே, வலி எப்படி இருக்கு?” என்று கேட்பார். டாக்டர் முன்னால் படுத்திருப்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணிய அப்பா, தலையைத் தூக்கி, “தேவலாங்க” என்பார். அப்படியானால் ஊசி வேண்டாம் என்று அவரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்கள், “இப்ப தேவலையா?” என்றார்கள். அவர்களுக்கும் அதே பதில். நான் கேட்டபோது, “தேவலாம்மா, நீ போய்ச் சாப்பிடு” என்றார். நானும் போய்ச் சாப்பிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பத்தாம் நாள், பட்டினச்சேரியைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர் எங்கள் வார்டுக்கு மாறி வந்தார். அப்பா வழக்கம்போல் டாக்டரிடம் சொன்னதும், “சார், அவர் வாயக் கேக்காதீங்க, கையப் பாருங்க” என்றார். அப்பாவின் கை கட்டில் கம்பியை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தது. உடனே ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் பிடி தளர்ந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அப்பா உறங்கினார். மறுநாள் காலை எங்களை விட்டுப் போய்விட்டார்.

வந்து விசாரித்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்காத அந்த நர்ஸம்மாவுக்கு எங்கள் முதல் நன்றி. அவர் பார்த்த கையின் பக்கத்தில்தான் அந்தப் பத்து நாளும் நான் உட்கார்ந்திருந்தேன்.