அப்பா கொடிகாட்டிய பந்தயம்

அப்பா என்னோடு பேசாமலிருந்தது பதினான்கு மாதம். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே சோற்றுப்பானை, பதினான்கு மாதம்! காரணம் நான் அரசாங்க கிளார்க் வேலையை விட்டது. விட்டுவிட்டு என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. மலைச் சைக்கிள் பந்தயம் நடத்தினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பினாங்கில் அப்போதுதான் தடித்த டயர் சைக்கிள் பைத்தியம் பரவிக்கொண்டிருந்தது. நல்ல தார் ரோடு கண்ணெதிரே கிடக்க, அதை விட்டுவிட்டு வேரும் கல்லும் சேறுமான டுரியான் தோட்டத்துப் பாதையில் ஏறி விழுந்து எழும்புவதில் ஒரு கூட்டத்துக்கு அப்படியொரு ஆனந்தம். அந்தக் கூட்டத்தில் முதல் பைத்தியம் நான். இரண்டாவது என் கூட்டாளி. அவன் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில், ஒரு பட்டறையில் வெல்டர். ஷிப்டு முடிந்த கையோடு ஃபெரி ஏறித் தீவுக்கு வந்துவிடுவான்.

சனிக்கிழமைதோறும் கெலுகோரில் ஒரு திடலில் பயிற்சி முகாம் வைத்தோம். வளர்ந்த ஆம்பிளைகளை வரிசையில் நிறுத்தி, பிரேக் எப்படிப் பிடிப்பது, மேட்டில் எப்படி எழும்பி நிற்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்போம். முதல் பாடமே எலும்பு முறியாமல் விழுவது எப்படி என்பதுதான். அம்மா ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு வாயில் கையை வைத்தார்.

“விழுறதுக்கும் வகுப்போ ராசா? அது தானா வாற வேலையெல்லோ?”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லமாட்டார். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கந்தோர்க் குடும்பம், அதாவது ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவதும் பென்ஷன் வேலையும் ஒன்றுதான், இரண்டையும் பாதியில் விடக்கூடாது. அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வண்டியையும் பிழையான தண்டவாளத்துக்கு அனுப்பியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. கலியாண வீட்டிலும் அதைத்தான் சொல்வார், செத்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்.

பேசமாட்டார் என்றால் வாய் மூடி இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் அம்மா வழியாகச் சொல்வார். நான் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இஞ்சாரும், உம்மடை மோன் சேத்துச் சப்பாத்தோடை உள்ளுக்கு வாறான்” என்பார். நானும் லேசுப்பட்டவனில்லை. “அம்மா, சப்பாத்தைக் கழட்டியாச்சு எண்டு சொல்லுங்கோ” என்பேன். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நான் என்ன தபால் கந்தோரோ?” என்று கரண்டியை எறிவார். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்தில் அப்பா குளிர்பெட்டியோடு பேசுவார். “ஆரோ ஒருத்தருக்கு டெலிபோன் வந்தது” என்று குளிர்பெட்டிக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போவார்.

சிரிக்கிறீர்கள். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துத் திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. நான் வாய் திறந்து கேட்பேனா? மாட்டேன். அவருடைய பிள்ளைதானே நான்!

இப்படி இருக்கையில் எங்கள் முதல் பெரிய பந்தயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கெலுகோருக்குப் பின்னால் மலையடிவாரத்தில். முப்பத்துநாலு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், மாக் மண்டின் பட்டறைக்காரர்கள், சுங்கை பாக்காப் எஸ்டேட்டிலிருந்து ஒரு கும்பல். அந்தக் கும்பலுக்குத் தலைவன் ஒரு லாரி டிரைவர். ஆள் மலை மாதிரி. போன முகாமில் மிதித்தே இரண்டு பெடலை உடைத்தவன். அவன்தான் ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாதை எளிது. திடலில் புறப்பட்டு, தோட்டத்துக்குள் ஏறி, உச்சிக்குக் கீழே பாதை இரண்டாகும் ஒரு பிரிவில் இடப்பக்கம் திரும்பி, இறங்கி மறுபடி திடலுக்கு வரவேண்டும். அந்தப் பிரிவில் வலப்பக்கம் போனால் பெரிய ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடை. அதனால் இடப்பக்கம் காட்டி ஒரு அம்புக்குறிப் பலகை நட்டு, பக்கத்தில் ஒரு ஆளையும் போட்டிருந்தோம். புறப்படுமுன் எல்லோரையும் கூட்டி, “வழியில் ஓரிடத்தில் தண்ணீர் உண்டு, நின்று குடித்துவிட்டுப் போங்கள்” என்று சொன்னேன். பிரிவு தாண்டி ஒரு மேசையில் தண்ணீர் வைத்திருந்ததைத்தான் சொன்னேன். நன்றாக விளங்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரிவில் நிற்கவேண்டிய மாணவன் வரவில்லை. முதல் நாள் சாப்பிட்ட லக்சா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், வயிற்றைக் கலக்கிவிட்டதாம். தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறோம், ஒரு டாக்சி வந்து நிற்கிறது. அம்மா இறங்கினார், எங்களுக்கு இடியப்பப் பொட்டலங்களோடு. பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்பா! வெள்ளை நீளக் காற்சட்டை, உள்ளே விட்ட வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கலாம் போல மினுக்கிய சப்பாத்து, கையில் குடை. ஒரு டுரியான் மரத்தைப் பார்த்து, “கூடை பாரம் எண்டபடியால் வந்தனான்” என்றார்.

என் கூட்டாளிக்கு எங்கள் வீட்டு விவகாரம் தெரியும். தெரிந்துகொண்டே நேரே அவரிடம் போனான்.

“அங்கிள், ஒரு ஆள் குறையுது லா. மேல ஒரு ஜங்ஷன் இருக்கு. நீங்க நின்னு வர்றவங்கள அனுப்பி விடுறீங்களா?”

ஜங்ஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சாரும், கொடி இருக்கோ எண்டு கேளும்.”

“கொடி இல்லை, பச்சைத் துவாய் இருக்கெண்டு சொல்லுங்கோ அம்மா” என்றேன்.

அப்பா துவாயை வாங்கி, நாலாய் மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். சீவியத்தில் மோட்டார் சைக்கிள் ஏறாத மனிதர், குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்த கூட்டாளி, “அம்புக்குறி போர்டு இருக்கு அண்ணே, அங்கிள் சும்மா நின்னாலே போதும்” என்றான்.

விசில் ஊதினேன். முப்பத்துநாலும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய் மறைந்தன.

முதல் ஆள் நாற்பது நிமிடத்தில் திரும்பவேண்டும். ஐம்பது ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, ஒரு குஞ்சு குருவிகூட வரவில்லை. மொத்தமாகப் பள்ளத்தில் விழுந்துவிட்டார்களா? விழக் கற்றுக்கொடுத்தவன் நான் அல்லவா, போலீசில் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? கூட்டாளியை அனுப்பினேன். போனவனும் வரவில்லை! அதற்குமேல் என்னால் முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன்.

பிரிவில் அப்பா விறைப்பாக நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் விரித்து மாட்டியிருந்த தன் குடையிடம் சொன்னார்.

“முப்பத்துநாலும் போயிட்டுது. ஒண்டையும் பிந்த விடேல்லை.”

அந்தக் குடை எங்கே மாட்டியிருந்தது தெரியுமா? என் அம்புக்குறிப் பலகையில்! பலகை முழுவதும் குடைக்குள்ளே மறைந்திருந்தது. இடப்பக்கப் பாதையைப் பார்த்தேன். ஒரு டயர்த் தடம் இல்லை. வலப்பக்கம் பார்த்தேன். உழுத வயல் போலக் கிடந்தது.

இறங்கிப் போனேன். சாப்பாட்டுக் கடை வேலியில் முப்பத்துநாலு சைக்கிளும் சாய்ந்து நின்றன. உள்ளே முப்பத்துநாலு பேரும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் கூட்டாளி, கையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ.

“அண்ணே, கோவப்படாதீங்க லா. மொதல்ல உக்காருங்க.”

“உட்காருவதா! பந்தயம் எங்கேடா?” என்று கத்தினேன்.

லாரி டிரைவர் வாய் நிறைய ரொட்டியோடு கையைத் தூக்கினான். “நான்தான் ஃபர்ஸ்ட்டு அண்ணே! வேணும்னா கடைக்கார அண்ணன்கிட்ட கேளுங்க.”

கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம். கல்லில் மாவை வீசிக்கொண்டே சாட்சி சொன்னார். “ஆமா தம்பி, இவருதான் மொத ஆளு. ரெண்டு முட்டை ரொட்டி. ரெண்டாவது அந்தக் கண்ணாடி போட்ட தம்பி, வெறும் ரொட்டி. மூணாவதுக்குத்தான் கொஞ்சம் தகராறு, ரெண்டு பேரும் ஒண்ணா கறி கேட்டாங்க.”

“உங்களை யார் இங்கே வரச் சொன்னது?”

“என்னா அண்ணே இப்படிக் கேக்குறீங்க, அங்கிள்தான்!” என்றான் டிரைவர். எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, துவாய் வீசுவது போல் கையை வீசிக் காட்டினான். “‘கெடாய்யா போ! நிக்காதை! கெடாய்யா போ!’ன்னு தொண்டை கிழியக் கத்துனாரு லா. வழியில தண்ணி உண்டுன்னு நீங்களும் சொன்னீங்க. இந்தா பாருங்க, கடை போர்டு அங்கேருந்தே தெரியுது.”

எட்டிப் பார்த்தேன். தெரியத்தான் செய்தது. மலாயில் கடைக்குக் கெடாய். இந்த ஊரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரு சொல் உண்டென்றால் அதுதான். அப்பா சொன்னதோ கெதியா. கெதியாப் போ என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் சீக்கிரம் போ. எங்கள் வீட்டில் காலையில் கண் விழித்தால் இரவு வரைக்கும் கேட்கிற சொல். அப்பாவுக்கோ மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல், கத்தினால் ‘தி’ ‘டா’வாகிவிடும். அதை, மூச்சு வாங்க ஏறி வருகிற பசித்த மனிதனைப் பார்த்துக் கத்தினால் அவன் வேறு எங்கே போவான்?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு இது தெரிந்தால்? முப்பத்தைந்து வருடப் பெருமை போய்விடும். அந்த அவமானத்தில் மனிதர் இனி என்னோடு மட்டுமல்ல, அம்மாவோடும் பேசமாட்டார், குளிர்பெட்டியோடும் பேசமாட்டார்.

“இந்தா கேளுங்க, அவரிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடை அமைதியாகிவிட்டது. திரும்பினேன். வாசலில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. டிரைவரின் கை இன்னும் துவாய் வீசுகிற நிலையிலேயே இருந்தது.

அப்பா திரும்பி மேட்டில் ஏறினார். நான் பின்னால் ஓடினேன். பிரிவுக்குப் போய்க் குடையை எடுத்தார். அம்புக்குறி இடப்பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. அம்பு காட்டிய பக்கம் ஒரு தடவை, கடைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். வெள்ளைச் சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாக் கோபமும் போய்விட்டது.

பிறகு திரும்பினார். மரத்தைப் பார்க்கவில்லை, குடையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“பிழை என்னிலை” என்றார். “முப்பத்தைஞ்சு வருசம் ஒரு வண்டி மாறிப் போகேல்லை. இண்டைக்கு ஒரே நாளிலை முப்பத்துநாலு.”

பதினான்கு மாதமாக அவருக்குச் சொல்ல எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்கள். சொன்னது வேறொன்று.

“பரவாயில்லை அப்பா, அவைக்குப் பசி. சந்தோசமாச் சாப்பிடினம்” என்றேன். “நீங்களும் வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்.”

“ஓட்டத்தை நடுவழியிலை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணியோ?” அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. “உது என்ன பொறுப்பு? முதல்லை அவையளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வா. நான் ஒவ்வொருத்தரா இடக்கைப் பக்கம் அனுப்பிறன். எல்லாரும் வந்து சேர்ந்தாப் பிறகு ரெண்டு பேரும் போய்க் குடிப்பம். எனக்குச் சீனி குறைச்சுச் சொல்லு.”

ரெண்டு பேரும் என்றார். நான் அந்தச் சேற்றில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“தலையை ஆட்டினா எனக்கென்னெண்டு விளங்கும்?” என்று அப்பா சீறினார். “வாயைத் திறந்து கதையன்!”

யார் யாரைப் பார்த்துச் சொல்வது பாருங்கள்!

“ஓம் அப்பா” என்றேன்.