வராந்தாவில் ஒரு மோதல் காட்சி

முப்பத்தொரு காதல் குறும்படங்களில் அவள் வேலை பார்த்திருக்கிறாள். வயது இருபத்து மூன்று. சொந்தமாக ஒரு முறையும் காதலித்ததில்லை. கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பாள்.

திரைப்படக் கல்லூரியில் அவள் பெயர் கன்டி. கன்டினியுட்டி என்பதன் சுருக்கம். ஒரு காட்சியைப் பலமுறை எடுக்கும்போது காபிக் கோப்பை ஒவ்வொரு முறையும் அதே கையில் இருக்க வேண்டும், சட்டையின் மேல் பொத்தான் அதே மாதிரி திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முதலாண்டில் ஒரு சீனியர் படத்தில் கதாநாயகன் மீசையோடு படியேறி, மீசை இல்லாமல் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தான். நடுவில் அவனுக்கு ஒரு கல்யாணம் இருந்ததாம். அதைப் படப்பிடிப்பு நடக்கும்போதே கண்டுபிடித்துச் சொன்னவள் கன்டி. அன்றிலிருந்து யாரும் அவளை விடவில்லை. கல்லூரியில் பெரும்பாலானவர்கள் காதல் படம்தான் எடுத்தார்கள் என்பதால், எண்ணிக்கை முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீடு மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கல்லூரி தூரம் என்பதால் கன்டி நடிப்புத் துறையில் படித்த ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கண்ணாடி. கண்ணாடி முழுக்க நடிப்புத் துறைக்கே போய்விடும்.

இறுதியாண்டில் எல்லோரும் ஆளுக்கொரு படம் இயக்க வேண்டும். எந்த வகைப் படம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இயக்கம் சொல்லிக்கொடுக்கும் சார் தன் ஹெல்மெட்டில் சீட்டுகளைப் போட்டு நீட்டினார். கன்டிக்குக் காதல் வந்தது.

"பேய் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்."

"காதலும் கிட்டத்தட்ட அதுதாம்மா. எல்லாரும் பேசுவாங்க, பாத்தவங்க கம்மி. அடுத்த ஆள் வாங்க."

பிறகு சார் விதியைச் சொன்னார். "காதல் படம்னா பாக்கிறவன் நாலு விஷயத்தை எதிர்பார்த்து உக்காந்திருப்பான். அதைக் குடுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் குடுக்காதீங்க. எதைக் குடுக்கலங்கறதுதான் உங்க படம்."

இந்த விதியை மாணவர்கள் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்வார்கள். கடைசியில் கதாநாயகியைக் கொன்றுவிடுவார்கள். மரபை மீறியாயிற்று. முந்தைய ஆண்டின் ஐந்து காதல் படங்களில் நான்கில் கதாநாயகி இறந்தாள். ஐந்தாவதில், ஒரு மாறுதலுக்காக, கதாநாயகன்.

கன்டிக்கு யாரையும் கொல்ல விருப்பமில்லை. வராந்தாவில் மோதிக்கொள்கிறார்கள், புத்தகங்கள் சிதறுகின்றன, குனியும்போது கண்கள் சந்திக்கின்றன. மழை, ஒரே குடை. ஒரு தப்பான புரிதல். அவள் ஊரைவிட்டுக் கிளம்புகிறாள், அவன் பஸ் நிலையத்துக்கு ஓடுகிறான். இதுவரை எழுதிவிட்டாள். எதைக் கொடுக்காமல் இருப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டாள். அக்காவுடையது காதல் கல்யாணம். குடும்பத்தில் அதில் அனுபவம் உள்ள ஒரே ஆள்.

"அத்தான் உன்னைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாருல்ல?"

"வந்தாரு. ஒரு செருப்போட."

"வந்து?"

"வந்து என்ன? பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு."

"அப்புறம்?"

"உக்காந்தோம். லவ் பண்றேன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் ஆச்சு. மிச்ச நேரம் என்ன பேசறதுன்னே ரெண்டு பேருக்கும் தெரியல. பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டாரு."

கன்டிக்குப் படத்தின் கடைசிக் காட்சி கிடைத்துவிட்டது. அவன் உயிரைக் கொடுத்து ஓடி வருகிறான். பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து நேரத்தைப் போக்க வேண்டும்.

கதாநாயகி வேடத்துக்கு அறைத் தோழியைப் போட்டாள். கதாநாயகனாக, அந்தத் தோழியை இரண்டு வருடமாக நிஜமாகவே காதலித்துக்கொண்டிருந்த பையனைப் போட்டாள். நிஜ ஜோடி என்றால் ஒத்திகை மிச்சம் என்று கணக்குப் போட்டாள். ஒளிப்பதிவு செய்த வகுப்புத் தோழனுக்குத்தான் சந்தேகம். அவனைக் கல்லூரியில் கேமரா என்றே கூப்பிடுவார்கள்.

"நடுவுல சண்டை வந்துட்டா?"

"ரெண்டு வருஷமா வரல. நம்ம ஷூட்டிங் முடியறதுக்குள்ள வந்துடுமாடா?"

வந்துவிட்டது.

படங்களை வரிசையாக எடுப்பதில்லை. இடம் கிடைக்கிற வரிசையில் எடுப்பார்கள். பஸ் நிலையத்தில் முதலில் அனுமதி கிடைத்ததால் கடைசிக் காட்சியை முதலில் எடுத்தார்கள். அன்று ஹீரோவும் ஹீரோயினும் பெஞ்சில் உட்கார்ந்து, வசனம் தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தான். அவள் விதையை அவன் சட்டைப் பையில் போட்டாள். இதையெல்லாம் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. "நிறுத்தாதடா" என்று கன்டி கேமராவிடம் சைகை காட்டினாள். மழைக் காட்சியைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி எடுத்தார்கள். அதுவும் நன்றாக வந்தது. கல்லூரி வராந்தா மட்டும், பரீட்சை முடிந்த பிறகுதான் காலியாகும். எனவே முதல் சந்திப்பு கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது.

அந்த நாள் காலையில் ஹீரோயின் கையில் வாட்ச் இல்லை.

"வாட்ச் எங்கடி?" என்றாள் கன்டி. "எல்லா ஷாட்லயும் இருக்கு. போட்டுட்டு வா."

"இல்ல."

"ரூம்ல வெச்சுட்டியா? யாரையாவது அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"திருப்பிக் குடுத்துட்டேன்."

வாட்ச் யார் வாங்கிக் கொடுத்தது என்பது கன்டிக்குத் தெரியும். வராந்தாவின் மறுமுனையில் ஹீரோ சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சுவரில் ஒன்றும் இல்லை.

"எப்போ?"

"மூணு நாளாச்சு."

கேமரா மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இது முதல் சந்திப்புதானே? அப்ப வாட்ச் இல்லாம இருக்கலாம். கன்டினியுட்டி சரியாத்தான் இருக்கு" என்றான். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

ஹீரோயின் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நான் பண்ணித் தரேன். உன் படம் நிக்கக் கூடாது. ஆரம்பி."

முதல் டேக்கில் அவர்கள் மோதிக்கொள்ளவில்லை. எதிரெதிராக வந்தார்கள். மோத வேண்டிய இடத்தில் அவன் இடது பக்கம் ஒதுங்கினான். அதே நொடியில் அவள் தோளை ஒடுக்கிக்கொண்டாள். சட்டைகூட உரசவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கன்டி தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "ரெண்டு பேரும் இங்க முட்டணும்" என்றாள். கோட்டின் மேலேயே இருவரும் உரசாமல் நழுவிப் போனார்கள். இரண்டு வருடம் ஒன்றாக நடந்தவர்கள். ஒருவர் எந்தக் காலை எப்போது வைப்பார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

"டேய், ஒரு பொண்ணு மேல முட்டத் தெரியாதா?" என்றான் கேமரா.

"நீ வந்து முட்டுடா" என்றான் ஹீரோ.

கடைசியாக எடுத்த டேக்கில் மோதினார்கள். புத்தகங்கள் சிதறின. ஹீரோயின் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. ஒரு புத்தகத்தின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. ஹீரோ நின்றான். அவள் தோளிலிருந்து நழுவிய பையின் வாரை, அது தரையில் விழாதபடி, பிடித்துக்கொண்டே நின்றான். கட் சொல்ல வேண்டியவள் கன்டி. அவள் சொல்லவில்லை. கேமராவும் நிறுத்தவில்லை.

எழுந்ததும் ஹீரோயின் சொன்ன முதல் வார்த்தை, "அழிச்சிடு."

"பாக்கலாம்" என்றாள் கன்டி.

எடிட்டிங் அறையில் அந்த ஷாட்டைப் படத்தின் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேமரா நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் சந்திப்பிலேயே ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுகிறாள். ஒருவன் காரணம் கேட்காமல் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கண்கள் சந்திக்கவே இல்லை. காதல் படத்தில் இதுவரை யாரும் கொடுக்காத ஒன்று. சார் வந்து பார்த்தார். இரண்டாம் முறை போடச் சொன்னார்.

"எப்படிம்மா வாங்கினே இதை?"

"வாங்கல சார். வந்துச்சு."

"அடுத்த வாரம் திரையிடலுக்கு ஸ்டுடியோக்காரர் வராரு. வருஷத்துக்கு ஒருத்தரை வேலைக்கு எடுப்பாரு, தெரியும்ல? இந்த ஒரு ஷாட் போதும். வேற யாரையும் பாக்க மாட்டாரு."

அந்த ஸ்டுடியோவில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் கன்டி இந்தக் கல்லூரிக்கே வந்தாள். வீட்டில் அத்தனை பேருக்கும் அது தெரியும். அப்பா அந்த ஸ்டுடியோவின் லிஃப்டை ஒருமுறை பழுது பார்த்திருக்கிறார். கட்டடம் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அறையில் பேச்சை எடுத்தாள்.

"யாருக்கும் தெரியாதுடி. நடிப்புன்னுதான் நினைப்பாங்க."

"அதான் பிரச்சினையே. நடிப்புன்னு நினைச்சு கை தட்டுவாங்க. நான் மேடையேறி சிரிக்கணும். பக்கத்துல அவன் நிப்பான்."

"சார் சொல்றாரு, நீ இவ்வளவு நல்லா பண்ணினதே இல்லையாம்."

"நான் எதுவும் பண்ணல."

"என் படம்டி அது."

"என் மூஞ்சிடி அது."

ஹீரோயின் துணியை வாளியில் முக்கினாள், திரும்ப எடுத்தாள், மறுபடி முக்கினாள்.

"ஷூட்டிங்குக்கு முன்னாடி மூணு நாளும் இந்தக் கட்டில்ல படுத்து அழுதுட்டுதான் இருந்தேன். கண்ணு இவ்வளவு பெருசா வீங்கியிருந்துச்சு. நீ லைட்டை அணைக்கவான்னு கேட்ட. வாட்ச் இல்லைன்னதும் பத்தடி தூரத்துல கண்டுபிடிச்சுட்ட."

அது உண்மைதான். லைட்டை அணைக்கவா என்று கேட்டது அவளுக்கே ஞாபகம் இருந்தது. எந்தக் கையால் ஸ்விட்சைத் தொட்டாள் என்பதும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் எடிட்டிங் அறையில் ஒதுக்கி வைத்த டேக்குகளைத் திறந்தாள். அவர்கள் மோதாமல் போனவை. சுண்ணாம்புக் கோடு தெரியாத முதல் டேக்கை எடுத்துத் தொடக்கத்தில் வைத்தாள். ஒருவன் வருகிறான், ஒருத்தி வருகிறாள். கைநிறையப் புத்தகங்கள். பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். இருவரும் அழகாக விலகிப் போய்விடுகிறார்கள். ஒரு புத்தகமும் விழவில்லை. அடுத்த காட்சியில் ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். எப்போது காதல் வந்தது என்று படம் சொல்லவே இல்லை.

"பைத்தியமாடி உனக்கு?" என்றான் கேமரா.

"அந்த டேக்கை அழிச்சாச்சு. உன் ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி இருக்கு. கொண்டா."

"தர மாட்டேன். என் வாழ்க்கையில நான் எடுத்த ஒரே நல்ல ஷாட் அது."

"தெரியும்டா. கொண்டா."

கேமரா கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ குடித்தான். திரும்பி வந்து ஹார்ட் டிஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழிக்கும்போது பார்க்கவில்லை.

திரையிடலில் அரங்கம் நிறைந்திருந்தது. வராந்தாக் காட்சியில் இருவரும் மோதாமல் போனபோது ஒரு நொடி அமைதி, பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பஸ் நிலையக் காட்சியில் ஹீரோ மூச்சிரைக்க ஓடி வந்து, பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, அக்காவும் அத்தானும் மட்டும் சிரிக்கவில்லை. ஆரஞ்சுச் சுளைகள் வந்தபோது ஹீரோயின் எழுந்து வெளியே போனாள். படம் முடிந்ததும் உள்ளே வந்து மேடையேறினாள். ஹீரோ ஓர் ஓரத்தில், அவள் மறு ஓரத்தில், நடுவில் கேமராவும் கன்டியும்.

ஸ்டுடியோக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல் சீன்ல அவங்க ஏன் மோதிக்கல?"

"ரெண்டு பேரும் பாத்து நடந்தாங்க சார்" என்றாள் கன்டி.

அவர் தலையாட்டிவிட்டுக் கைபேசியைப் பார்த்தார்.

சார் வெளியே பிடித்துக்கொண்டார். "அந்த ஷாட் எங்கம்மா?"

"அழிச்சுட்டேன் சார்."

"ஏன்?"

"அது அவளோடது சார்."

சார் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் அதைப் பார்க்காம இருந்திருக்கலாம். இப்ப அதை மறந்துட்டு மார்க் போடணும்." மறக்க முடியவில்லை போலிருக்கிறது. கன்டிக்கு இரண்டாம் வகுப்பு வந்தது. ஸ்டுடியோக்காரர், பேய்ப் படம் எடுத்தவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அதில் பேய் வரவேயில்லை, மிகவும் பாராட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது ஹீரோ வந்து கன்டியின் முன்னால் நின்று, "தேங்க்ஸ்" என்றான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அறைக்குத் திரும்பும் வழியில் ஹீரோயின், "உன் அத்தான் நல்ல கேரக்டர்டி. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நிஜமாவே பாத்ரூம் எங்கன்னுதான் கேட்டாரா?" என்றாள். கன்டி ஆமாம் என்றாள். இருவரும் தெருமுனை வரை சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டுடியோ வேலை இல்லை என்று ஆன பிறகு கன்டி இரண்டு விளம்பர நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி அவளும் தோழியும் வேறு அறைக்கு மாறுகிறார்கள். இப்போதைய அறையில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது.