தோக்சன்பாய் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்

காலணியை மாட்டிக்கொண்ட பிறகு, தோக்சன்பாய் வீட்டை விட்டு வெளியேற நாற்பது நிமிடம் ஆகும். மேல்கோட்டின் பித்தான்கள் கழுத்துவரை ஏறியிருக்கும். நரித்தோல் தொப்பி தலையில் இருக்கும். ஒரு கை கதவுப் பிடியைத் தொட்டிருக்கும். அப்போதுதான் பேச்சு தொடங்கும்.

"என் ராசா, நான் போயிட்டு வந்துடறேன். எங்கேன்னு கேளு. ஒரு பிறந்தநாள் விருந்து. கெழவருக்கு எண்பது வயசு. நல்ல மனுசன், ஆனா பாட்டுக்காரன் சரியில்ல. உனக்கு எலும்பு கொண்டாறேன். நீ அழக் கூடாது, என்ன? நான் அழறனா? பாரு, நான் அழவே இல்ல."

சொல்லும்போதே கண் கலங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் அக்தோஸ், கன்றுக்குட்டி அளவுள்ள காவல் நாய், மார்பில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்தநாளைப் பற்றி அதற்கு ஒன்றும் புரியாது. மனிதர் இவ்வளவு பேசுகிறார் என்றால் ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்பது மட்டும் புரியும். கதவு சாத்தப்பட்ட நான்காவது நொடியில் ஊளை தொடங்கும்.

தல்திகொர்கன் நகரில் அசபா இல்லாமல் விருந்து நடக்காது. யார் எப்போது எழுந்து வாழ்த்த வேண்டும், யார் எப்போது ஆட வேண்டும், யாரை எப்போது உட்கார வைக்க வேண்டும் என்று மேடையில் நின்று நடத்துபவர்தான் அசபா. முப்பத்தோரு வருடமாக தோக்சன்பாய்க்கு அதுவே தொழில். மாப்பிள்ளையின் மாமாவுடைய காரோட்டியைப் பற்றிக்கூட ஆறு நிமிடம் புகழ்ந்து பேசுவார், காரோட்டியே தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும்படி. "பேச்சுங்கறது குதிரை மாதிரிப்பா. ஏறுறது எவனும் ஏறிடுவான். எறங்கறதுதான் வித்தை" என்று புதிய அசபாக்களுக்குச் சொல்லுவார். அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

விருந்தாளியை அனுப்புவதிலும் அப்படித்தான். மேசையில் ஒரு பிரியாவிடை, காலணி மாட்டும் இடத்தில் ஒரு விடை, வாசலில் ஒன்று, கார் கண்ணாடியை இறக்கச் சொல்லி இன்னொன்று. இரண்டே வார்த்தையில் ஒருவரை அனுப்புவது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம் என்பது அவர் எண்ணம். ஊரின் எண்ணமும் அதுதான்.

சிக்கல் வீடு மாறியதில் வந்தது. ஊர் ஓரத்து வீட்டில் பெரிய முற்றம் உண்டு. அக்தோஸ் ஏழு வருடம் அங்கே தலைக்கு மேல் கூரை இல்லாமல் வாழ்ந்தது. பாட்டுக்காரர்கள் வருவார்கள், உறவுக்காரர்கள் வருவார்கள், எவரும் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு மாடாவது எட்டிப் பார்க்கும். மனைவி ரிஸ்கூலின் முழங்கால் குளிர்கால அடுப்புக்கு நிலக்கரி சுமக்க மறுத்ததால் அந்த வீட்டை விற்று, ஒன்பது மாடிக் கட்டடத்தில் நான்காம் தளத்துக்கு வந்தார்கள். வந்த இரண்டாம் வாரம் மகளுக்குப் பிரசவம் என்று ரிஸ்கூல் அஸ்தானாவுக்கு ரயிலேறிவிட்டாள். வீட்டில் மிச்சம் இரண்டு ஜீவன்கள். அதில் ஒன்றுக்குத் தனியாக இருக்கத் தெரியாது என்று தோக்சன்பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தளத்தில் எசென்கெல்தி இருந்தார். ரயில்வேயில் வண்டிகளின் நேரம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பார்க்க வண்டி இல்லை, நிறுத்து கடிகாரம் மட்டும் கையில் இருந்தது. குடியிருப்போர் குழுவுக்கு அவர் கொடுத்த மனு இப்படிப் போனது: "மேற்படி நாய் வியாழனன்று பகல் 1.12 முதல் 4.47 வரை ஊளையிட்டது. 2.30க்கு மூன்று நிமிடம் நிறுத்தியது. தண்ணீர் குடித்திருக்கலாம்." குழு கூடியது. முப்பது பேர் ஒன்றரை மணி நேரம் அமைதியைப் பற்றிக் கூச்சல் போட்டார்கள். பன்னிரண்டு நாளில் நாய் வாயை மூட வேண்டும், இல்லையென்றால் நாய் வெளியே என்று முடிவானது.

ரிஸ்கூல் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னாள்: "மலைக்கு, எங்க சித்தப்பா மகன்கிட்ட குடுத்துடுங்க. ஆட்டுக்கொட்டாய்ல சங்கிலி போட்டுக் கட்டிக்குவான். அங்க கத்துனாலும் கேக்க ஆளில்ல."

"கேக்க ஆளில்லன்னா எதுக்குடி கத்தணும்?" என்றார் தோக்சன்பாய். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு ரைஹானின் கதவைத் தட்டினார். கால்நடை மருத்துவமனையில் ஊசி போடுகிறவள். கடிக்க வரும் மிருகத்தையும் அதன் சொந்தக்காரரையும் ஒரே குரலில் அடக்கிப் பழகியவள். முழுக் கதையையும் கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை.

"தோக்கே, நாய்க்கு ஒண்ணும் இல்ல. உங்க வாய்தான் நோய்" என்றாள். தோக்கே என்பது மரியாதைச் சுருக்கம். அவள் வாயில் அது அதட்டல் மாதிரி வந்தது. "போறப்ப ஒப்பாரி வெக்கறீங்க, வர்றப்ப திருவிழா நடத்தறீங்க. நடுவுல அது என்ன நெனைக்கும்? இனிமே போறப்பவும் பேச்சு இல்ல, வர்றப்பவும் பேச்சு இல்ல. பேசாம போகணும், பேசாம வரணும்."

"சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நான் என்ன திருடனா, தங்கச்சி?"

"திருடன் எவ்வளவோ மேல். அவன் வந்தா நாய்க்கு வேலையாவது இருக்கும்."

அவள் சொன்ன வைத்தியம் கேட்பதற்கு எளிது. கோட்டையும் சாவியையும் பார்த்தாலே நாய் நடுங்குகிறது. ஆகவே கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு இருபது தடவை. பிறகு அரை நிமிடம் வெளியே போய், அது கத்தத் தொடங்கும் முன்னே உள்ளே வர வேண்டும். அது தாங்கினால் ஒரு நிமிடம். பிறகு இரண்டு. வெளியே போகும் போது மட்டும் மூட்டெலும்பு ஒன்று, வேறு நேரத்தில் கிடையாது. பழைய வீட்டு முற்றத்தில் அது படுத்திருந்த கம்பளத்தைத் துவைக்காமல் ஒரு மூலையில் போட வேண்டும். கத்தியதற்காகத் திரும்பி வந்து திட்டக் கூடாது.

தோக்சன்பாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தொழிலுக்குக் கிளம்பும்போது போடும் வெள்ளிச் சரிகை ஷப்பானைத்தான் நாய்க்கு அடையாளம் தெரியும் என்று அந்த நீள அங்கியை அணிந்து, தொப்பி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வானிலை அறிக்கை பார்த்தார். எழுந்தார், சாவியைக் குலுக்கினார், மீண்டும் உட்கார்ந்தார். ரொட்டி கொண்டுவந்த பெண் கதவிடுக்கில் இதைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் தளத்துக்குப் போய், "பாவம், பொண்டாட்டி போனதுலேந்து கல்யாணத்துக்குப் போறதா நெனச்சுக்கறாரு" என்றாள்.

அரை நிமிட வேலைதான் அவரைப் படுத்தியது. நாயால் அல்ல. கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நின்றால் யாராவது ஏறி வருவார்கள். வந்தவரை நலம் விசாரிக்காமல் விடுவது எப்படி? அவர் நலம், அவர் மனைவி நலம், பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், சம்பந்தி வீட்டுக் குதிரை. முப்பது நொடி இருபது நிமிடமாகும். உள்ளே ஊளை கிளம்பும். பாடம் முதலிலிருந்து.

மூன்றாம் நாள் ரைஹான் ஓர் அட்டையில் எழுதி அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டாள்: "என்னிடம் பேசாதீர்கள்." கட்டடமே வந்து ஏன் என்று கேட்டுவிட்டுப் போனது.

ஐந்தாம் நாள் அக்தோஸ் நான்கு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது. உள்ளே நுழைந்த தோக்சன்பாய்க்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ரைஹான் சொன்னதெல்லாம் காற்றில் போனது. இரு கைகளையும் விரித்து, "நாலு நிமிசம்! நாலு காலுள்ள வீரன்! உன் அப்பன் ஓநாய அடிச்சவன், நீ தனிமைய அடிச்சவன்!" என்று தொடங்கி, அதன் பரம்பரை முழுவதையும் வாழ்த்தி முடிக்கக் கால் மணி ஆயிற்று. அடுத்த முறை கதவைச் சாத்தியதும் நான்கு நொடிகூட அது பொறுக்கவில்லை. தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை தன் நாயையும் சேர்த்துக் கெடுத்தது.

"இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்றாள் ரைஹான். "மலைக்கு வண்டி சொல்லிடட்டுமா?"

தோக்சன்பாய் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாத முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அன்று பிற்பகல் அவர் படிக்கட்டில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். யார் ஏறினாலும் பார்க்கவில்லை. ஒருவர் தும்மினார், நூறு வருடம் வாழ்க என்றுகூடச் சொல்லவில்லை. பேச ஆளில்லாமல், பேசக் கூடாமல், எத்தனை வருடத்துக்குப் பிறகோ அவர் கால் மணி நேரம் சும்மா இருந்தார். கதவுக்குப் பின்னால் நகங்கள் தரையில் அங்குமிங்கும் நடப்பது கேட்டது. எலும்பை உருட்டுவது கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு, உடம்பு முழுவதும் தரையில் சாய்கிற பொத்தென்ற சத்தம். ரிஸ்கூல் போனதிலிருந்து தன் வீட்டில் தொலைக்காட்சி ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை என்பது அப்போது அவருக்கு நினைவு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கணக்கு நிமிடங்களில் ஏறியது. பன்னிரண்டு, இருபத்தைந்து, ஒரு மணி. தினமும் காலையில் ஆற்றங்கரை வரை நாயை ஓடவிட்டுக் களைக்க வைத்தார். ஒன்பதாம் நாள் எசென்கெல்தி மாடியேறி வந்தார், கையில் கடிகாரம், முகத்தில் கவலை.

"நேத்து ரெண்டேகால் மணி நேரம். ஒரு சத்தமும் இல்ல. நாய்க்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"தூங்குது" என்றார் தோக்சன்பாய், ஒரே வார்த்தையில்.

எசென்கெல்தி கடிகாரத்தைப் பையில் போட்டார். பிறகு, "நானும் கீழ சும்மாதான் இருக்கேன். நேரம் பாக்கணும்னா சொல்லுங்க" என்றார். மறுநாளிலிருந்து கீழ்ப்படியில் ஒரு நாற்காலியும் தேநீர்க் குடுவையும் வந்தன.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பகலில் ஒரு பெரிய வீட்டில் பெண் அனுப்பும் விருந்து. ஐந்து மணி நேர வேலை. தோக்சன்பாய் ஷப்பானை அணிந்தார், எலும்பைக் கம்பளத்தில் வைத்தார், வெளியேறினார். பதினோரு நொடி ஆயிற்று என்று எசென்கெல்தி குறித்துக்கொண்டார்.

விருந்தில் எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது, பெண் காரில் ஏறும் கட்டம் வரை. தல்திகொர்கனில் அந்தக் கட்டத்துக்கென்றே அவரை அழைப்பார்கள். பிறந்த வீட்டைப் பிரியும் பெண்ணைப் பார்த்து அவர் பேசப் பேச, தாய் அழுவாள், அத்தைகள் அழுவார்கள், மாப்பிள்ளை வீட்டுக் காரோட்டியும் அழுவான். யாராவது மயங்கி விழுந்தால் விருந்து சிறப்பு. நானூறு பேர் காரைச் சூழ்ந்து நின்றார்கள். பெண் ஏற்கெனவே விம்மத் தொடங்கியிருந்தாள். ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது.

தோக்சன்பாய் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். புது வீட்டுக்குப் போகிற முகம். சுற்றிலும் நானூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ கேடு வரப்போகிறது என்பது போல.

"யாரும் பொண்ணு கண்ணப் பாக்காதீங்க!" என்று ஒலிபெருக்கியில் அலறினார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. அத்தை, கைய விடுங்க. ஒப்பாரி வேணாம். கறி ஆறுது, உள்ள போங்க!"

முப்பத்தோரு வருடமாக அவர் சொன்னபடி ஆடியவர்கள். நானூறு பேரும் திரும்பினார்கள். பெண் திடுக்கிட்டு அழுகையை நிறுத்தினாள். சிரிப்பு வந்துவிட்டது. கார் இரண்டு நிமிடத்தில் தெருமுனையைத் தாண்டியது.

பெண்ணின் தாய் அவரைத் தேடி வந்தாள். "இது என்ன அனுப்புற லட்சணம்? என் பொண்ணு என்ன நாயா?"

"நாய்க்கே பன்னெண்டு நாள் குடுத்தாங்கம்மா" என்றார் அவர். "உங்க பொண்ணுக்கு யாரு குடுத்தா?"

அவருக்குப் போர்த்துவதற்காக வைத்திருந்த புதிய ஷப்பானை அந்த அம்மாள் மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இந்தச் செய்தி அவருக்கு முன்னால் கட்டடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மாலை ஐந்தரைக்குப் படியேறியபோது எசென்கெல்தி நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "ஆறு நிமிசம் முனகல். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. குழுத் தலைவிகிட்ட காட்டிட்டேன். மனுவத் திரும்ப வாங்கிக்கிறேன்னு கையெழுத்தும் போட்டாச்சு." அவர் குரலில் லேசான சோகம் இருந்தது. ரைஹான் தன் கதவிலிருந்து தலையை நீட்டி, "உள்ள போனதும் பேச்சு கிடையாது, தோக்கே. அது பக்கமே திரும்பக் கூடாது" என்று விரலைக் காட்டினாள்.

தோக்சன்பாய் தலையாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானூறு பேருக்குப் பேசாமல் விட்டதெல்லாம் நெஞ்சில் முட்டி நிற்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, பாய்ந்து வரப்போகிற நாயைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எதுவும் பாயவில்லை. கண்ணை மெதுவாகக் கீழே இறக்கினார். மூலையில், பழைய கம்பளத்தில், அக்தோஸ் பக்கவாட்டில் படுத்திருந்தது. ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தது. வால் நுனி ஒரு தரம் தரையைத் தட்டியது. கண் மூடிக்கொண்டது.

தோக்சன்பாய் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி வைத்துக்கொண்டார். பிறகு வந்த வழியே வெளியேறி, கதவைச் சாத்தி, ஷப்பானை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அடித்தார்.