குழம்பின் மேல் ஒரு குறி

மாமியாரின் பிறந்த வீட்டார் புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள். விருந்தாளிக்கு முதலில் வைக்கும் கோலாக் கொட்டைத் தட்டை நீட்டினோம். அவருடைய தம்பி ஒக்குடிலி மாமா அதைத் தொடவில்லை.

"அது அங்கேயே இருக்கட்டும். முதல்ல பேசுவோம்," என்றார்.

எங்கள் இக்போ வீடுகளில், வந்தவர் கோலாவைத் தொடாவிட்டால் என்ன பொருள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால், அவளை எப்படி வைத்திருந்தீர்கள் என்று பிறந்த வீடு வந்து கேட்கும். பதில் அவர்கள் மனதுக்குப் பட்டால்தான் குழி வெட்டலாம். வெள்ளிக்கிழமை அடக்கம் என்று தேவாலயத்தில் சொல்லியாகிவிட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது. இவர்கள் தலையசைக்காவிட்டால் என் மாமியார் அகுவோமா டீச்சர் பிணவறையிலேயே கிடப்பார். நான் இரண்டு ஊரிலும் மாமியாரைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்ற பெயரோடு மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும்.

சந்தேகம் என் மேல்தான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் அவர்கள் மெனக்கெடவில்லை.

"ஈஸ்டருக்கு வந்தப்பவே பார்த்தேன்," என்று ஆரம்பித்தார் ஓசியோமா சித்தி. டீச்சரின் கடைசித் தங்கை. "கழுத்தெலும்புக் குழியில தண்ணி ஊத்தி வைக்கலாம், அப்படி இருந்தா. ஏன்க்கான்னு கேட்டா வயசாச்சுங்கிறா. எனக்குந்தான் வயசாச்சு. நான் என்ன வத்தியா போயிட்டேன்?"

அதை யாரும் மறுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் நாலு பக்கமும் விரிந்துகொண்டிருந்தன.

"சர்க்கரை வியாதி, சித்தி," என்றார் என் கணவர் இகெடி. "மாத்திரை குடுத்தா வாயில போட்டுக்கிட்டு, நாங்க அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவாங்க. அதுல என்ன கலந்திருக்கோன்னு பயம்."

"அவ பயந்தாள்னா காரணம் இல்லாம இருக்குமா?"

மாமா என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூசியது. துணியை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"ஏம்மா ஓலன்மா, உன் இடுப்புல தொங்குற சாவி யாரோடது?"

அடுப்படிச் சாவி. முப்பது வருஷத்துக்கு மேல் மாமியாரின் இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவி.

"அம்மா குடுத்தாங்க. ஆஸ்பத்திரியில. கடைசி நாள்ல."

"யார் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. இகெடி அப்போது ரத்தம் வாங்கப் போயிருந்தார். மாமியார் தலையணைக்கடியில் துழாவி, சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பரீட்சைத் தாளை ஒப்படைக்கிற மாதிரி. ஒரு வார்த்தை இல்லை. வெளியே சொன்னால் கதை கட்டுகிற மாதிரிதான் இருக்கும் என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்தது.

"கேட்டுக்கோங்க," என்றார் சித்தி, கூட வந்தவர்களைப் பார்த்து. "எங்கக்கா பெத்த பிள்ளைக்கே குடுக்காத சாவியை இவளுக்குக் குடுத்தாளாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. யாரையும் நம்பாதவர் அகுவோமா டீச்சர். அதை இந்த ஊரில் சொல்ல ஆள் தேட வேண்டாம். தேவாலயத்தை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தார். பரீட்சை நாளில் பிள்ளைகளை முதுகோடு முதுகு உட்கார வைப்பார். உள்ளங்கையை விரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவார். இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தால், இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். ஒருவன் அழ ஆரம்பிக்கும் வரைக்கும். இன்று அவாகாவில் நீதிபதியாக இருக்கிற ஒருவர், அந்தப் பார்வையிலிருந்துதான் தொழில் கற்றேன் என்று சொல்லித் திரிகிறார்.

அரசாங்கம் மாதக்கணக்கில் சம்பளம் போடாத வருஷங்கள் இருந்தன. மற்ற டீச்சர்கள் சந்தையில் கடை போட்டார்கள். இவர் பள்ளிக்கூட வேலியோரம் பூசணிக்கீரைக் கொடி ஏற்றி, விடியற்காலையில் விற்றுவிட்டு, மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்பார். தான் போகாவிட்டால் தலைமையாசிரியர் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வந்த அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்பது அவர் சொன்ன காரணம். பிள்ளைகள் மேல் இருந்த பாசம் என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் முதல் பிள்ளையைப் பசிக்குக் கொடுத்தவர். அதற்கப்புறம் பிறந்த மூன்றும் சின்னதாக இருக்கும்போதே லாரி விபத்தில் கணவர் போனார். மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வருகிறவன் என் பிள்ளைகளின் தட்டிலிருந்து தின்பான் என்று மறுத்துவிட்டார். மூன்றையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். அதை எப்படிச் செய்தார் என்பதற்கு அந்த அடுப்படிப் பூட்டு ஒரு பதில்.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே குழம்பின் மேல் ஒரு குறியைப் பார்த்தேன். எங்கள் கசப்புக்கீரைக் குழம்பு கெட்டியானது. ஆறினால் செம்பனை எண்ணெய் மேலே ஆடையாக உறையும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமியார் கரண்டியின் முதுகால் அந்த ஆடையைச் சமப்படுத்துவார். பிறகு காம்பு நுனியால் அதில் ஒரு 'சரி'க் குறி போடுவார், நோட்டுத் திருத்துகிற மாதிரி. மூடி போட்டுப் பூட்டுவார். காலையில் முதல் வேலை அதைத் திறந்து பார்ப்பது. யாராவது ஒரு துண்டு இறைச்சியை எடுத்திருந்தால் குறி கலைந்திருக்கும்.

பரிமாறும்போது எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். நான் வாசலில் நின்றால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். எத்தனை துண்டு யாருக்குப் போகிறது என்று நான் பார்த்துவிடக் கூடாதாம். பத்தொன்பது வருஷம் நான் பார்த்தது அந்த முதுகைத்தான். வீட்டுக்கு வந்தவளை இப்படியா நினைப்பது என்று முதலில் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியது என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

"அடுப்படியைத் திற," என்றார் சித்தி.

திறந்தேன். சித்தி சட்டி சட்டியாக மூடியைத் தூக்கி முகர்ந்தார். காய்ந்த மீன், நண்டுப்பொடி, மரவள்ளி மாவு எல்லாம் நிறைந்திருந்தன.

"நேத்து வாங்கி அடுக்கியிருப்பா," என்றார்.

"நேத்து நான் பந்தல்காரங்களுக்குச் சமைச்சிட்டிருந்தேன், சித்தி."

"அப்ப முந்தாநேத்து."

ஃப்ரீசர் பெட்டியைத் திறந்தார். அடியில் காது வைத்த அலுமினியப் பாத்திரம் ஒன்று இருந்தது. "இது என்ன? ஏன் இதை மட்டும் அடியில ஒளிச்சு வச்சிருக்க?"

"அம்மா கடைசியா வச்ச குழம்பு. மறுநாள் காலையில அடுப்படியைத் திறந்ததும் மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அதை எடுத்து அப்படியே வச்சுட்டேன்."

"செத்து மாசமாகப் போகுது. கொட்டலையா?"

மாமியார் குறி போட்ட பாத்திரத்தை அவர் இல்லாமல் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் இகெடி இதற்காகவே ஜெனரேட்டரைப் போட்டார். பெட்ரோல் விலையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே போட்டார்.

சித்தி பாத்திரத்தை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். செம்மஞ்சளாக எண்ணெய் உறைந்திருந்தது. நடுவில் குறி அப்படியே இருந்தது.

மாமா முன்னால் வந்து குனிந்து பார்த்தார். பாத்திரத்தின் காதுகளைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறதென்று எனக்குப் பிடிபடவில்லை.

"இன்னும் இதை விடலையா அவ," என்றார்.

"எதை?" என்றார் சித்தி. "குறி போடுறதையா? அதை இவளே போட்டிருக்கலாம்ல, அண்ணே. இத்தனை வருஷம் பார்த்திருக்கா. நாம வர்றோம்னு தெரிஞ்சு போட்டிருப்பா."

என் காது சூடானது. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். இகெடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா மரவள்ளி மாவை ஒரு தட்டில் கொட்டி, கையால் தட்டிச் சமப்படுத்தினார். கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"போடு. அவ போடுற மாதிரியே போடு."

பாத்திரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் ஆயிரம் தடவை பார்த்த குறி. காம்பை மாவில் வைத்து, கீழே ஒரு சின்னக் கோடு இறக்கி, வலப்பக்கம் நீளமாக மேலே இழுத்தேன். மாமா மாவைத் தட்டிவிட்டு இகெடியிடம் கரண்டியைக் கொடுத்தார். அவரும் அப்படியே போட்டார். பிறகு மாமா கையை எடுத்தார்.

"இப்பப் பாருங்க."

குழம்பின் மேலிருந்த குறியில் வால் இடப்பக்கமாக ஏறியிருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அத்தனை வருஷமும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது. கலைந்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"அவ இடதுகைக்காரி," என்றார் மாமா. "எங்கப்பா வேதபாடம் சொல்லிக் குடுக்கிறவர். பொண்ணு இடதுகையால பரிமாறினா யார் வீட்டுக்குக் கட்டிக்குடுக்கிறதுன்னு அந்தக் கையை நாரால கட்டிப் போட்டாரு. வெளியில எல்லாம் வலதுகைக்கு மாத்திக்கிட்டா. போர்டுல எழுதுறதும் வலதுகைதான். யாரும் பார்க்காத இடத்துல மட்டும் மாறல."

சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "உனக்குத் தெரியாம இருக்குமா, அண்ணே. சின்ன வயசுல நீதானே சட்டியில இறைச்சியைத் திருடினவன். குறைஞ்சா, சமைச்ச அவளுக்குத்தான் அடி விழும்."

"திருடிட்டு நானும் குறி போட்டு வைப்பேன். அச்சு அசலா. காலையில வந்து பார்த்த உடனே என் காதைப் பிடிப்பா. எப்படிக் கண்டுபிடிக்கிறாள்னு புரிய எனக்கு ரெண்டு வருஷமாச்சு."

"எனக்கு இன்னிக்குத்தான் புரியுது," என்றார் இகெடி மெதுவாக. நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன பார்க்கிற? சின்ன வயசுல எல்லாரும் திருடுறதுதான்."

நான் வாசலில் நின்றபோதெல்லாம் அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது எனக்குக் கண்முன் வந்தது. மறைத்தது இறைச்சியை மட்டுமல்ல போலிருக்கிறது.

மாமா தோளைத் தூக்கி நிமிர்ந்தார். கூட வந்தவர்களைப் பார்த்து, பஞ்சாயத்துக் குரலில் சொன்னார்:

"கடைசி ராத்திரி வரைக்கும் கரண்டி எங்கக்கா கையிலதான் இருந்திருக்கு. கரண்டி கையில இருக்கிறவளை யாரு பட்டினி போட முடியும்? அவளா சாப்பிடல, அவளா மாத்திரையைத் துப்பினா. அவ பிடிவாதம் நமக்குத் தெரியாததா? சாவியையும் அவளா குடுக்காம யாரும் எடுத்திருக்க முடியாது. உயிரோட இருக்கிறப்ப அந்த இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோக எனக்கே தைரியம் வந்ததில்ல. வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணுங்க. அந்தத் தட்டை எடுத்துட்டு வாங்க."

கோலாக் கொட்டையை உடைத்தார்கள். ஆண்கள் பந்தலுக்குப் போனார்கள். சித்தி மட்டும் என்னோடு நின்று அந்தக் குழம்பைச் சுடவைத்தார். எண்ணெய் உருக உருகக் குறி ஒரு பக்கமாகச் சரிந்து காணாமல் போனது. பார்க்க மனமில்லாமல் களி கிளறப் போனேன்.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"சித்தி, கடைசி ராத்திரியும் போட்டிருக்காங்களே. அது யாருக்காகப் போட்டது?"

"உனக்காகத்தான்," என்றார் சித்தி, யோசிக்காமல். "வீட்ல வேற யாரு இருந்தா? இகெடி சந்தைக்குப் போனா ராத்திரிதான் வர்றான்."

"அப்புறம் ஏன் சாவியை என்கிட்டக் குடுத்தாங்க?"

சித்தி கரண்டியால் துழாவி ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தார். வெந்திருந்தது.

"அவளுக்கு அப்புறம் எங்கண்ணனும் நானும் இங்க விருந்துக்கு வருவோம்ல. எங்க கைக்கு எட்டாம சட்டியை நீ பார்த்துக்குவேன்னு நம்பியிருப்பா," என்றார். "அந்தக் கிண்ணத்தை எடு. உங்க மாமா மூணாவது துண்டுக்கு வந்து நிப்பாரு. இல்லைன்னு சொல்லு."

கிண்ணங்களை அடுக்கினேன். மாமா வாசலில் தலையை நீட்டினார். நான் பாத்திரத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.