கிராணி சொன்ன ஆங்கிலச் சொல்

தேங்காய்ப்பால் ஓரத்தில் முறுகும் வாசனையில்தான் மலாய் நாட்டின் காஜா பெராங்கில் எங்கள் வீடு விழிக்கும். அப்பா போன பிறகு அம்மா ஆப்பம் சுட்டு விற்றுத்தான் எங்களை வளர்த்தார். முதல் ஈடு எப்போதும் பெரிய கிராணி வீட்டுக்கு. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக மேசை போட்டு உட்கார்ந்திருந்த தமிழர் அவர். பின்வாசல் வழியாகத் தூக்குப் பாத்திரம் போகும். முன்வாசல் எங்களுக்கு இல்லை.

'மெர்டேக்கா', அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த புதிது. கப்பலில் மணப்பெண்ணாக வந்த அம்மாவுக்குக் குடியுரிமை வேண்டியிருந்தது. இங்கேயே வாழ்ந்தவர் என்று தெரிந்தவர்கள் இருவர் சொல்ல வேண்டுமாம். செட்டிக் கம்போங் என்ற குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அம்மாள் உடனே வருகிறேன் என்றார். கிராணியும் பின்வாசலில் நின்று, "அதுக்கென்னம்மா, நான் இருக்கேன்ல, வா" என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த மாதம்தான் பள்ளியில் 'ரெகக்னைஸ்' என்ற சொல்லைப் படித்திருந்தோம். 'ரெ' என்றால் மறுபடி, மீதி லத்தீன் மொழியில் அறிவது. ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பார்த்ததும் மறுபடி அறிந்துகொள்வதுதான் அது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எவ்வளவு நியாயமான சொல் என்று நினைத்திருந்தேன்.

மனு கொடுக்க, கிராணி வேலை பார்த்த அதே ஆபீசுக்கு நானும் அம்மாவோடு போனேன். செட்டிக் கம்போங் அம்மாள் முதலில் பேசினார். தமிழர் வம்சம்தான் என்றாலும் தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழே வராத அந்த மனுஷி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயா கெனால் டியா" என்று, இவரை எனக்குத் தெரியும் என்று, மலாயில் அழுத்தமாகச் சொன்னார். பிறகு அதிகாரி பக்கத்து அறையிலிருந்து கிராணியைக் கூப்பிட்டார். வெள்ளைக் கால்சட்டையில், கூட வேலை செய்யும் இரண்டு பெரிய மனிதர்களோடு அவர் வந்தார். அம்மா எழுந்து கும்பிட்டார். கிராணி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஐ டோன்ட் ரெகக்னைஸ் ஹெர்" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்து தொலைத்திருந்தது. அவர் வயிற்றில் இருந்த எங்கள் வீட்டு ஆப்பம் செரித்திருக்குமோ என்னவோ, அதற்குள் சொல்லிவிட்டார்! அந்த இருவர் முன்னால் ஓர் ஆப்பக்காரியைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வெட்கம், வேறொன்றுமில்லை.

இன்னொரு சாட்சியோடு வரச் சொன்னார் அதிகாரி. வெளியே வந்ததும் அம்மா கேட்க, நான் அர்த்தத்தைச் சொன்னேன். "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேவாடி சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை, எதுவும் நடக்காததுபோல், கிராணி வீட்டுத் தூக்கு வந்தது. அம்மா அதைக் காலியாகவே திருப்பி அனுப்பினார். செட்டிக் கம்போங் அம்மாள் எவ்வளவோ கெஞ்சியும் அந்த ஆபீஸ் படியை அவர் மறுபடி மிதிக்கவில்லை. கடைசி மூச்சுவரை இந்த நாட்டுக்கு அவர் வெளியாள்தான்.

இன்று எங்கள் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கிராணியின் வீடு சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. போன மாதம் புக்கிட் காதிலில் ஒரு கல்யாணத்தில் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்து, "ஆன்ட்டி, தாத்தா சாகுற வரைக்கும் உங்கம்மா ஆப்பத்தப் பத்தியே பேசுவாரு. பேரு, ஊரு, வந்த கப்பலு, எல்லாம் சொல்லுவாரு" என்றான் பெருமையாக.

எல்லாம் தெரிந்திருக்கிறது அந்த மனிதருக்கு. வீட்டுக்குள் ஆயுசு முழுக்கச் சொன்னதை அந்த ஆபீசில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், என் அம்மா இந்த ஊரில் அந்நியராகச் செத்திருக்க மாட்டார்.