உள்ளே விட்ட துணி

மலர்க்கொடிக்கு டேப்பே வேண்டாம், கண்ணாலேயே அளவு எடுத்துவிடுவாள் என்று ஸ்ரீரங்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள். படியேறி வருகிற பெண் போன தடவைக்கு அரை இஞ்ச் கூடியிருக்கிறாளா இளைத்திருக்கிறாளா என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மருமகள் முழுகாமல் இருப்பது மாமியாருக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். டாக்டரிடம் காட்டக் கூசுகிற உடம்பை இந்த ஊர்ப் பெண்கள் அவளிடம் கூசாமல் காட்டியதற்கு அதுதான் காரணம்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பு மட்டும் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதும் பொய்தான். பட்டது. பட்டதற்கு அவள் செய்த வைத்தியம் இருக்கிறதே, அதை ஒரு டைலரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

நல்ல டைலர் எவரும் ஜாக்கெட்டின் சைடு தையலுக்குள் ஒன்றரை இஞ்ச் துணியை மடித்து விட்டு வைப்பார். உடம்பு போட்டால் பழைய தையலைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி அடித்துக் கொடுக்கலாம். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும். வெளியே தெரியாது.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறைக்குப் புறப்படும்போது பச்சை ஜாக்கெட்டின் கொக்கி மாட்டவில்லை. இடது பக்கம் மட்டும் இறுக்கியது. வலது பக்கம் எப்போதும் போலத்தான் இருந்தது. போய்ப் படையல் போட்டுவிட்டு வந்தாள். மத்தியானமே இடது பக்கத் தையலைப் பிரித்துக் கால் இஞ்ச் தள்ளி அடித்தாள். இடது கையால்தானே நாள் முழுக்கத் துணியைத் தள்ளுகிறோம், அதில் சதை போட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வலி கிலி எதுவும் இல்லை. வலிக்காத ஒன்றை வியாதி என்று அவள் எப்படி நினைப்பாள்? அது வலிக்காது, வலிக்காமலேதான் வளரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தீபாவளிக்கு மறுபடி பிரித்தாள். அதற்குள் ட்ரையல் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியில் அவள் பார்க்கக் கூடாததைப் பார்த்திருந்தாள். இடது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் தடித்து, சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி முன் அவள் உடை மாற்றவில்லை. பொங்கலுக்கு மூன்றாவது முறை பிரித்தாள். நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஊரார் உடம்பில் அரை இஞ்ச் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவள், தன் உடம்பைத் துணிக்குள் துணியாக மடித்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் இருசம்மாள் ஒரு ஊதா ஜாக்கெட்டோடு வந்தாள். இரண்டு வீடு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்பவள், மலர்க்கொடியைவிட நான்கு வயது மூத்தவள். அவளுக்கும் ஒரு பக்கம்தான் இறுக்கியதாம், வலது பக்கம். கிரைண்டர் கல்லைத் தூக்கித் தூக்கிக் கைப்பக்கம் சதை போட்டுவிட்டது, பிரித்து விடு என்றாள். மலர்க்கொடியின் கையில் கத்தரி ஒரு நொடி நின்றது. கேட்டிருக்கலாம். ஆனால் இருசம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டால் அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்க வேண்டி வரும். பேசாமல் பிரித்துத் தள்ளி அடித்துக் கொடுத்தாள்.

பங்குனி பிறந்த வாரத்தில் பச்சை ஜாக்கெட் நான்காவது முறையாக இறுக்கியது. வழக்கம்போல அதை உள்பக்கம் திருப்பிப் பிரிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே துணி இல்லை. கடைசித் தையல் ஓரத்திலேயே ஓடியிருந்தது. இதற்கு மேல் விட ஒரு நூல் அளவுகூட மிச்சமில்லை.

புதிதாக ஒன்று வெட்டலாம்தான். வெட்டுவதற்கு அளவு எடுக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை எடுத்து முதலில் வலப் பக்கமும் பிறகு இடப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் ஒன்றேகால் இஞ்ச் இருந்தது. அக்குளில் பயறு போல ஒன்று விரலில் தட்டியது. டேப் கையிலிருந்து நழுவியது. ஸ்டூலில் உட்கார்ந்து வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதத்துப் பயம் மொத்தமாக அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. கரூரில் கட்டிக்கொடுத்த மகள் யமுனா சித்திரையில் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அந்தப் பிள்ளையைக் கையில் வாங்க நான் இருப்பேனா என்ற ஒன்றைத் தவிர அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மறுநாள் லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் புத்தூருக்குப் போனாள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவன் தம்பி வயதுப் பையன். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அதில் அவள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். என்ன ப்ராப்ளம் என்று அந்தப் பையன் சத்தமாகக் கேட்டான். அவள் வாயில் வந்தது இரண்டே வார்த்தை.

"முதுகு வலிங்க."

பிறகென்ன, எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரும் பாவம், முதுகைத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, குனிந்து தைப்பதால் வந்த வலி என்று மாத்திரையும் ஆயின்மென்ட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் அறையை விட்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று கதவருகே பத்து நிமிஷம் நின்றாள். அடுத்த நோயாளி உள்ளே போனதும் மாடிப்படி இறங்கினாள்.

அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் ரெங்கராஜ் அந்த ஆயின்மென்ட்டை மூன்று நாள் அவள் முதுகில் தேய்த்துவிட்டார். காய்த்துப்போன கை. மெதுவாகத்தான் தேய்த்தார். அந்தக் கை போகும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் ஒரு சாண் தூரம்தான். மூன்று நாளும் சொல்ல வாயெடுத்தாள், மூன்று நாளும் விழுங்கினாள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

நான்காம் நாள் ஃபெமினா தைக்கக் கொடுத்த சுடிதாரை வாங்க வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்தாறு வருஷமாக இங்கேதான் துணி கொடுத்துத் தைத்துக்கொள்கிறாள். மலர்க்கொடி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், தன் கஸ்டமர் ஒருத்திக்கு இப்படி இப்படி இருக்கிறதாம் என்று ஆரம்பித்தாள். காம்பு, தோல், அக்குள் பயறு எல்லாவற்றையும் அந்த இல்லாத கஸ்டமரின் தலையில் ஏற்றிச் சொன்னாள். கேட்கக் கேட்க ஃபெமினாவின் முகம் மாறியது.

"அக்கா, அவங்களை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. வரலைன்னா இழுத்துட்டு வாங்க. பத்து மணிக்கு டாக்டர் அமலராணி இருப்பாங்க, லேடி டாக்டர்தான். கவுண்டர்ல எதுவும் சொல்ல வேணாம், என் பேரை மட்டும் சொல்லுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் பத்து மணிக்கு மலர்க்கொடி போய் நின்றாள். ஃபெமினா வேகமாக வந்தவள், அவளுக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கஸ்டமர் எங்கக்கா?"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டு, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். ஃபெமினாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டர் அமலராணி அதிகம் பேசுகிறவர் இல்லை. திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் அக்குளும் கழுத்தும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் அக்குளில் ஒரே இடத்தில் இரண்டு தடவை நின்றதை மலர்க்கொடி கவனித்தாள். அளவு எடுக்கிற விரல் எங்கே ஏன் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாசமா இருக்கும்."

டாக்டர் எழுதப் போன பேனாவை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. திட்ட மாட்டேன். எவ்வளவு நாளா, எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா முடிவெடுக்க முடியும்."

மலர்க்கொடிக்கு எட்டு மாதம் என்று சொல்ல நாக்கு கூசியது. எழுந்து உட்கார்ந்தாள். இறுக்கினாலும் அன்று அதையே போட்டு வந்து, ஸ்டூலில் கழற்றி வைத்திருந்த பச்சை ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். இடது சைடை விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். ஊசித் துளைகள் மூன்று வரிசை.

"இது ஆடிப்பெருக்குக்குப் பிரிச்சது. இது தீபாவளிக்கு. இது தைப்பொங்கலுக்கு. இப்ப உள்ள துணி இல்லைங்க டாக்டர்."

டாக்டர் அந்தத் துணியை வாங்கி வரிசை வரிசையாக விரலால் தடவிப் பார்த்தார். முதல் வரிசைக்குத் திரும்பி மறுபடி எண்ணினார். திட்டியிருந்தால்கூட மலர்க்கொடி தாங்கியிருப்பாள். பிறகு மூன்று தேதிகளையும் சீட்டில் எழுதிக்கொண்டார். கட்டி எதுவென்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது, மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்து, ஊசியால் துளி சதையை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்று விளக்கினார்.

அன்றே எல்லாம் எடுத்துவிட்டு, ரிசல்ட் வர ஏழு நாள் என்றார்கள். அன்று சாயங்காலம் ரெங்கராஜிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போய், ஓடாத மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, முதுகு முதுகு என்று மூணு நாள் என்னைத் தேய்க்க விட்டியே என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். அந்த ஏழு நாளில் அவள் தைத்த ஜாக்கெட்டுகளில் இரண்டுக்கு இடக் கையும் வலக் கையும் மாறிப்போனது. இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காத தப்பு. சமயபுரம் மாரியாத்தாளிடம் ஆரோக்கியத்தைக் கேட்கவில்லை அவள். சித்திரை வரைக்கும் கொடு, பிள்ளையை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்று பேரம் பேசினாள்.

எட்டாம் நாள் இருவரும் டாக்டர் முன் உட்கார்ந்தார்கள். புற்றுதான். அக்குள் வரைக்கும் வந்திருந்தது. ஈரலுக்கோ எலும்புக்கோ போயிருப்பதாக ஸ்கேனில் தெரியவில்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு ஆபரேஷன். ரெங்கராஜ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கைவிட்டுப் போயிடுச்சா டாக்டர் என்று கேட்டார். தாமதம்தான், ஆனால் கைவிடுகிற கட்டம் இல்லை, வைத்தியம் நீளமாகவும் கஷ்டமாகவும் இருக்கும் என்றார் டாக்டர். ஆடியிலேயே வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. மலர்க்கொடி தானே சொல்லிக்கொண்டாள்.

மகள் பிரசவம் முடியட்டும், சித்திரை கழித்து ஆரம்பிக்கலாமா என்று கெஞ்சினாள்.

"எட்டு மாசம் நீங்களா எடுத்துக்கிட்டீங்க," என்றார் டாக்டர். "இனிமே ஒரு வாரம்கூட நான் தர மாட்டேன்மா."

தலைப்பிரசவத்தைக் கரூரிலேயே பார்த்துக்கொள்வதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். யமுனா போனில் அழுதாள்.

முதல் மருந்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு வேண்டியதைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது இருசம்மாள் படியேறினாள். கையில் அதே ஊதா ஜாக்கெட். திரும்பவும் இறுக்குகிறது, இன்னொரு தடவை பிரித்து விடு என்றாள்.

மலர்க்கொடி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதம் முன்பு வாய் திறக்காமல் பிரித்துக் கொடுத்தது தன் கைதான். கதவைச் சாத்தினாள். பச்சை ஜாக்கெட்டையும் ஊதா ஜாக்கெட்டையும் உள்பக்கம் திருப்பி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தனக்கு என்ன, எப்படி ஆரம்பித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, இருசம்மாளின் விரலைப் பிடித்துப் பச்சைத் துணிமேல் வைத்தாள்.

"எண்ணிப் பாருக்கா. என்னோடதுல மூணு வரிசை. உன்னோடதுல ஒண்ணுதான்."

இருசம்மாள் விரலை இழுத்துக்கொண்டாள். தனக்கு அப்படியெல்லாம் இருக்காது, கல் தூக்குகிற சதைதான் என்றாள். இருக்காமலும் போகலாம், அதை டாக்டர் சொல்லட்டும் என்றாள் மலர்க்கொடி. சாயங்கால மாவு வியாபாரத்தை யார் பார்ப்பது, மகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான் என்று இருசம்மாள் அடுக்கினாள். கடைசியில் குரல் இறங்கி, உள்ளே இன்னும் துணி இருக்கிறதே மலரு, இந்த ஒரு தடவை பிரித்து விடேன் என்றாள்.

"துணி இருக்கிறப்பவே வந்துடுக்கா. நான் துணி தீர்ந்த பிறகுதான் போனேன்."

ஊதா ஜாக்கெட்டை மடித்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜாக்கெட் வேண்டுமென்றால் காலையில் ஏழரைக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டாள். இருசம்மாள் கோபமாகப் படியிறங்கிப் போனாள்.

காலையில் ரெங்கராஜும் அவளும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். ஏழரை பஸ்ஸை அவள் விட்டுவிட்டாள். ரெங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பஸ் தெருமுனை திரும்பும்போது இருசம்மாள் வந்தாள். தலை வாரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், ஜாக்கெட்டைக் கொடு என்று கையை நீட்டினாள்.

மலர்க்கொடி பையைத் திறக்கவில்லை. மாவு ஒட்டிக் காய்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ரெங்கராஜ் மூன்று டிக்கெட் எடுத்தார். காவிரிப் பாலம் தாண்டி, சத்திரத்தில் இறங்கும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.