மூட்டை என்றொரு கட்டளை

போன வாரம் மின்னஞ்சலில் ஒரு புகார் வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தார். உங்கள் நிரல் வேலை செய்யவில்லை, தரவுத்தளத்தின் முகவரி மாறிவிட்டது போலிருக்கிறது, சரிசெய்து தர முடியுமா என்று. புகார் வந்து சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கொறை சொல்லித்தான எழுதியிருக்காங்க?" என்றார் என் கணவர். இத்தனை வருஷம் கழித்தும் ஒருவர் அதைத் தட்டிப் பார்க்கிறாரே, அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்த நிரலின் பெயர் மூட்டை. சிரிக்காதீர்கள், பெயர் வைத்தது நான் இல்லை. ஏதாவது ஓர் உயிரின் முழு மரபணு வரிசையையும் யாராவது படித்து முடித்தால், பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கணினியின் கறுப்புத் திரையில் 'மூட்டை' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்தில் வேண்டிய உயிரின் பெயரையும் தட்டினால், இருக்கிற கோப்புகளையெல்லாம் அது வரிசையாக இறக்கும். ஒவ்வொன்றும் முழுசாக வந்திருக்கிறதா என்று சோதிக்கும். வந்திருந்தால் 'சரி' என்று ஒரு வரி எழுதும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

அந்த ஒரு வரியை நினைத்தாலே எனக்கு அழுகின வெங்காய நாற்றம் வந்துவிடும். பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அப்போது நான் தற்காலிக உதவியாளர். அரியலூரிலிருந்து தினமும் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் வந்து இறங்கும்போது தலைமுடி வெள்ளையாக இருக்கும். "வாங்க பாட்டி" என்பாள் மும்தாஜ். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிறவள், என் வயதுதான், என்னைப் போலவே தற்காலிகம். சுற்றுவட்டாரத்தில் சின்ன வெங்காயம் அழுகிக்கொண்டிருந்தது. எந்தப் பூஞ்சையால் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அழுகின வெங்காயம் பை பையாக வந்து மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்த காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

வெங்காயத்திலிருந்து எடுத்த பூஞ்சையின் வரிசை எங்களிடம் இருந்தது. அதோடு ஒப்பிட, தெரிந்த பூஞ்சைகளின் வரிசைகள் வேண்டும். அறுபது கோப்புகளுக்கு மேல். ஒவ்வொன்றாக மவுஸால் சொடுக்கி இறக்கினோம். நெட் பாதியில் போகும், வரும். மும்தாஜ் ஒரு தாளில் பெயர்களை எழுதி, வந்ததற்கெல்லாம் டிக் அடித்தாள். எல்லாம் முடிந்து ஒப்பிட்டதில் ஒரு பூஞ்சை முதலாவதாக வந்தது. விதை வெங்காயத்தோடு தொற்றி வருகிற வகை. எங்கள் மேடம், அதாவது ஆய்வகத் தலைவர், செட்டிகுளம் பக்கத்திலிருந்து வெங்காயம் கொடுத்திருந்த ராசாத்தி அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்: "வச்சிருக்கிற விதையை நடாதீங்கம்மா. அதுலதான் நோய் இருக்கு. கொட்டிடுங்க."

ரெண்டு நாள் கழித்து மதியம். மும்தாஜுக்கு நோன்பு, அதனால் சாப்பாட்டு நேரத்திலும் கணினி முன்னால்தான் இருந்தாள். கை தவறி ஏற்கெனவே இருந்த ஒரு கோப்பை மறுபடி இறக்கிவிட்டாள்.

"ஏய், இங்க வாயேன்" என்றாள். "ஒரே பேரு, ஒரே கோப்பு. இது பெருசா இருக்கு, அது பாதிதான் இருக்கு. எப்புடி?"

கையில் தயிர்சோற்றோடு போய்ப் பார்த்தேன். முதலில் இறக்கியபோது நெட் போயிருக்கிறது. கோப்பு பாதியில் நின்றிருக்கிறது. வந்துவிட்டது என்று நாங்கள் டிக் அடித்திருக்கிறோம். அந்தக் கோப்பை இறக்கியவள் நான்தான். முழுக் கோப்பை வைத்து மறுபடி ஒப்பிட்டோம். பாதிக் கோப்பால் பின்தங்கியிருந்த பூஞ்சை முதலிடத்துக்கு வந்துவிட்டது. இது மண்ணிலேயே கிடக்கிற வகை. விதையில் குற்றமே இல்லை.

மேடத்திடம் போய், "நான் எறக்குனதுதான் மேடம், பாதிதான் வந்திருக்கு, நான் பாக்கல" என்றேன். மேடம் திட்டவில்லை. ரெண்டு தடவை முடிவைப் படித்தார். உடனே ராசாத்தி அக்காவுக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நேர்ல போயிடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

பஸ் பிடித்து, இறங்கி, வரப்பில் நடந்து போனோம். நோன்போடு அந்த வெயிலில் மும்தாஜ் எனக்கு முன்னால் நடந்தாள். ராசாத்தி அக்கா விதை வெங்காயத்தைச் சேர்த்துத் தட்டி வைத்து அடைத்திருந்த பட்டறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் கால்வாசி ஏற்கெனவே குப்பைமேட்டில் கிடந்தது.

"அக்கா, கொட்டாதீங்க" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டேன்.

நடந்ததைச் சொன்னோம். கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப வெதை நல்ல வெதையா?"

"நல்ல வெதைக்கா. வெங்காயம் அழுகுன அந்தக் காட்டு மண்ணுலதான் நோய் இருக்கு. வேற காட்டுல நடுங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா? மொதல்லயும் இப்புடித்தான் சொன்னாங்க."

"இந்தத் தடவை எல்லாத்தையும் முழுசா பாத்துட்டோங்க" என்றாள் மும்தாஜ்.

ராசாத்தி அக்கா கூடையை இறக்கி வைத்தார். "இன்னும் ரெண்டு நா கழிச்சு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார். குப்பைமேட்டில் கிடந்ததை மூன்று பேருமாகக் குனிந்து பொறுக்கி எடுத்தோம்.

அந்தக் கேள்விக்காகத்தான் நிரல் எழுதினேன். தரவுத்தளம் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண் கொடுத்திருக்கிறது. வந்த கோப்பில் ஓர் எழுத்து குறைந்தாலும் எண் பொருந்தாது. அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நிரலெழுத வாரக்கணக்கில் ஆனது. முதல் பதிப்பு ஒரே கோப்பை விடாமல் இறக்கி கணினியின் வட்டையே நிரப்பிவிட்டது. கடைசியில் ஓடியதும் மும்தாஜ், "எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டு வருதுல்ல, மூட்டைன்னே வையி" என்றாள். இணையத்தில் போட்டேன். முகம் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நெல்லுக்கு, காசநோய்க் கிருமிக்கு, தேனீக்கு என்று எழுதிக் கேட்டார்கள். ராசாத்தி அக்காவின் வெங்காயம் வேறு காட்டில் நன்றாக வந்தது. ஒரு பை கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அழுகாத வெங்காயம் அந்த மேஜைக்கு வந்தது அன்றுதான்.

இன்று தரவுத்தளமே சொந்தமாக ஒரு கட்டளைக் கருவி கொடுக்கிறது. டீ குடித்து வருவதற்குள் எல்லாம் இறங்கிவிடும், சோதனையையும் அதுவே செய்துகொள்ளும். மும்தாஜ் கல்யாணமாகி மலேசியா போய்விட்டாள். மேடம் ஓய்வுபெற்றார். ஆய்வக அறையில் இப்போது விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்களாம். ஆய்வகத்தைக் காலிசெய்த அன்று நானும் போயிருந்தேன். கணினியைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் கடைசியாக ஒரு தடவை மூட்டைக் கட்டளையைத் தட்டிவிட்டு நின்றேன். திரை நிறைய 'சரி' என்று வரிவரியாக விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு நானேதான் பிளக்கைப் பிடுங்கினேன்.